கரும்பு டிராக்டரில் மோதாமல் தப்பிய பிறகு இரவில் பைக் ஓட்டக் கை நடுங்குகிறது

செம்மண்சாலை (கேள்வி):

வணக்கம். கந்தர்வகோட்டையில் குடியிருந்துகொண்டு தஞ்சாவூரில் வேலை பார்ப்பவன் நான். போக வர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். எட்டு ஆண்டுகளாகத் தினமும் ஒரே 150 சிசி பைக்கில்தான் சென்று வருகிறேன். வண்டி 2016ஆம் ஆண்டு மாடல் என்பதால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது.

மூன்று வாரங்களுக்கு முன்பு, இரவு ஏழரை மணியளவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, குருங்குளம் வருவதற்குச் சற்று முன்னால் எதிரே வந்த பேருந்து ஒன்று ஹை பீமை இறக்காமலே என்னைக் கடந்தது. அந்த வெளிச்சம் விலகிய கணத்தில், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஒன்று, பின்விளக்கோ ஒளிரும் ஸ்டிக்கரோ எதுவுமின்றி, என் முன்னால் சுவர்போல நின்றது. முன் பிரேக்கை மொத்தமாக இறுக்கிவிட்டேன். முன்சக்கரம் வழுக்கியதும் எப்படியோ பிடியைத் தளர்த்தி, இடப்பக்கம் ஒடித்து, செம்மண் ஓரத்தில் இறங்கி நின்றேன். தொங்கிக்கொண்டிருந்த கரும்புத் தோகை ஹெல்மெட் கண்ணாடியில் சரசரவென்று உரசிய ஓசை இன்னமும் காதில் இருக்கிறது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கக்கூட விரல்கள் ஒத்துழைக்கவில்லை.

உடம்பில் ஒரு கீறலும் இல்லை, வண்டிக்கும் சேதமில்லை. ஆனால் அன்றிலிருந்து பேருந்தில்தான் போய் வருகிறேன். இரண்டு முறை முயன்று பார்த்தபோது, எதிரே விளக்கு தெரிந்தவுடன் உள்ளங்கை வியர்த்து, தோள்கள் இறுகி, வேகம் 25க்கு இறங்கிவிட்டது. பின்னால் வருபவர்கள் திட்டுகிறார்கள். இந்த நிலையிலிருந்து மீண்டவர்கள் யாரேனும் இருந்தால், எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

பழையபுல்லட்:

தம்பி, தவறு முழுக்க டிராக்டர்காரருடையது. விளக்கில்லாமல் சாலைக்கு வந்தவர் அவர். நீங்கள் வீணாக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். நாளைக்கே வண்டியை எடுங்கள், நான்கு நாளில் எல்லாம் பழகிவிடும்.

கியர்பெட்டி:

பெரியவர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். விளக்கில்லாத டிரெய்லர் குற்றம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் என்று முடித்துவிட்டால், அரவைக் காலம் முழுவதும் அதே சாலையில் அதே டிரெய்லர்கள் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், உங்கள் மனம் அமைதியடைய வழியே இல்லை. உங்கள் கையில் இருந்தது என்ன என்று பார்ப்போம்.

அப்போது என்ன வேகம் என்று நீங்கள் எழுதவில்லை. 60 என்று வைத்துக்கொள்கிறேன். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. கண் கண்டு, மூளை உணர்ந்து, விரல் பிரேக்கைத் தொட ஒன்றரை விநாடி ஆகுமென்றால் 25 மீட்டர் அதிலேயே கழிந்துவிடும். அதன்பின் காய்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிடித்து நிறுத்த இன்னும் 23 மீட்டராவது தேவை. ஆக மொத்தம் 48. இத்தகைய வண்டிகளின் லோ பீம் தெளிவாகக் காட்டுவதோ முப்பது, நாற்பது மீட்டர்தான். அதாவது டிராக்டருக்குப் பதில் ஒரு மாடு படுத்திருந்தாலும் உங்களால் நின்றிருக்க முடியாது. இதே கணக்கை 40க்குப் போட்டால் சுமார் 27 மீட்டரில் நின்றுவிடலாம். எனவே இரவில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் உங்கள் பயத்தை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். 25 என்பதுதான் சற்று அதிகப்படியான எச்சரிக்கை.

அடுத்தது பிரேக். முன்சக்கரம் வழுக்கியதும் பிடியைத் தளர்த்தினீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்கு வருவதால் நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு அதற்கே உண்டு. ஆனால் அந்த எடை வந்து சேர்வதற்குள் இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். உங்களுடையது அதற்கு முந்தையது என்பதால் அந்த வேலையை உங்கள் விரல்கள்தான் செய்தாக வேண்டும். மண் தரையாக இல்லாத, தார் போட்ட காலி இடம் ஒன்றைப் பிடியுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல முதலில் மெல்லவும் பிறகு அழுத்தியும் பிடித்து நிறுத்துங்கள். பத்து முறை. கை பழகிய பிறகே 30, 40. நான் ஒரு மழைக்காலத்தில் விழுந்தெழுந்த பிறகு, ஒன்றரை மாதம் ஞாயிறுதோறும் இதை மட்டுமே செய்தேன். பக்கத்து வீட்டார் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள்.

எதிரே ஹை பீம் வந்தால் அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைக் கண்ணால் பற்றிக்கொள்ளுங்கள். எதை உற்றுப் பார்க்கிறோமோ அதை நோக்கியே வண்டி போகும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். இன்னொன்று: கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியை மாற்றிவிட்டீர்களா? இரவில் ஒவ்வொரு கீறலும் எதிர்வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

சாக்பீஸ்:

நான் ஸ்கூட்டர் ஓட்டும் பள்ளி ஆசிரியை. லாரி ஒன்றின் பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் விழுந்து எழுந்தவள் என்பதால் எழுதுகிறேன், சகோதரரே. மேலே உள்ள கணக்கெல்லாம் சரிதான். ஆயினும் உடம்புக்குக் கணக்கு புரியாது. ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்று நான் நான்கு மாதம் வண்டியைத் தொடாமல் இருந்தேன். அந்த நான்கு மாதத்தில் பயம் குறையவில்லை, வளர்ந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது, அந்த இடம் வரைக்கும் மட்டும் போய் வாருங்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, கீழே இறங்கி, பத்து நிமிடம் நின்று பாருங்கள். எனக்கு அந்த இடம் நினைவில் இருந்ததைவிட மிகச் சிறியதாக இருந்தது, அதுவே பாதிப் பாரத்தை இறக்கியது. பிறகு பகல், பிறகு மாலை வெளிச்சம், கடைசியாக இரவு. ஒன்று சலிப்பூட்டும் வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். தோள் இறுகும்போது வாய்க்குள் ஏதாவது பாடுங்கள். பாடினால் மூச்சை அடக்கி வைக்க முடியாது. ஹெல்மெட்டுக்குள் நம் குரலை யார் கேட்கப் போகிறார்கள்!

தூக்கத்தில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்து, ஒரு மாதம் கடந்தும் விடாவிட்டால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

செம்மண்சாலை:

அனைவருக்கும் நன்றி. கியர்பெட்டி அவர்களே, வேகத்தை எழுதாமல் விட்டது தற்செயல் இல்லை. 65ல் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில்கூட இதைச் சொல்லவில்லை.

இரண்டு ஞாயிறுகள் பிரேக் பயிற்சி செய்தேன். முதல் நாள் 20ல்கூட முன்சக்கரம் ஒருமுறை பூட்டிக்கொண்டது. இப்போது 40ல் நேராக நிற்கிறது. அந்த இடத்துக்கும் போய் வந்தேன். செம்மண்ணில் என் டயர் தடம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன், ஆட்டுக் குளம்புகள்தான் இருந்தன. கண்ணாடியை மாற்றியாயிற்று.

நேற்று இருட்டிய பிறகு முதன்முறையாகத் தஞ்சாவூரிலிருந்து ஓட்டி வந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் ஒரு கரும்பு டிரெய்லர் முன்னால் கிடைத்தது, இதற்கும் பின்விளக்கு இல்லை. அதை முந்த மனம் வரவில்லை. குருங்குளத்தில் ஆலைப் பக்கம் அது திரும்பும் வரை நிறைய இடைவெளி விட்டு, பின்னால் வருபவர்களுக்குத் தெரியட்டும் என்று என் இண்டிகேட்டரை மினுக்கிக்கொண்டே, அதன் பின்னாலேயே வந்தேன். வீட்டை அடைய வழக்கத்தைவிட இருபத்தைந்து நிமிடம் அதிகமாயிற்று.