தண்ணீர் யாருக்கு?

வவுனியா, ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்:

மனவடுவுக்குச் சிகிச்சை செய்யப் பயிற்சி எடுத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கையேட்டில் இல்லாமல், கையைச் சுட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றையாவது எழுதுங்கள். முதலில் என்னுடையது.

நான் கணித ஆசிரியன். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் ஆசிரியர்கள் சிலரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்தபோது நானும் போனேன். ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பெர்ட் ஆகியோர் வகுத்த, வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை முறை அது. தரையில் ஒரு கயிற்றை விரிக்க வேண்டும். அதுதான் வாழ்நாள். நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். ஒரு முனையைச் சுருட்டியபடியே விட வேண்டும். அது இனி வரப்போகும் காலம். பிறகு ஒவ்வொரு கல்லருகிலும் நின்று, என்ன கண்டாய், என்ன கேட்டாய், உடம்பு அப்போது என்ன செய்தது, இப்போது என்ன செய்கிறது என்று விசாரித்து எழுதி, அடுத்த அமர்வில் அதை வாசித்துக் காட்ட வேண்டும்.

முதலில் எங்கள் கயிற்றை நாங்களே விரித்துப் பார்க்கச் சொன்னார்கள். மண்டப வாசலில் செவ்வரத்தை நிறையப் பூத்திருந்ததால் பூவுக்குப் பஞ்சமில்லை. கல் பொறுக்க வெளியே போனவர்கள்தான் திரும்பி வர நேரமாயிற்று.

என்னிடம் வந்தவன் 12 வயதுச் சிறுவன். அலை வந்தபோது தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவன். கதை அந்த இடத்துக்கு வந்ததும் அவன் உதடு நடுங்கும். நான் உடனே எழுந்து தண்ணீர் வார்த்துக் கொடுப்பேன். குடிப்பான். பிறகு முகாமைப் பற்றிப் பேசுவோம். இரண்டு அமர்வுகள் இப்படியே போயின. ஒலிப்பதிவைக் கேட்ட மேற்பார்வையாளர், குவளை மேசையில் படும் சத்தம் வந்ததும் நாடாவை நிறுத்தினார்.

"இது என்ன?"

"தண்ணீர் கொடுத்தேன்."

"அவன் கேட்டானா?"

"இல்லை."

"அப்படியென்றால் தாகம் யாருக்கு?"

அடுத்த நாள் தண்ணீர்க் கூசாவை வெளியே வைத்துவிட்டுத்தான் அமர்ந்தேன். உதடு நடுங்கியது. நான் எழவில்லை. "தங்கையின் கையை நான்தான் விட்டுவிட்டேன், சேர்" என்றான். அதுவரை யாரிடமும் சொல்லாதது. ஆறுதல் சொல்ல வாய் துடித்தது. அதற்குப் பதிலாக, "மற்றக் கை எங்கே இருந்தது?" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தான். "தென்னையில். மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தேன்." மறுபடியும் யோசித்தான். "அந்தக் கையையும் தண்ணீர் பிடுங்கிவிட்டது." தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். மரத்தை விட்டதற்கு அவன் தன்னைக் குற்றம் சொன்னதில்லை. அதே தண்ணீர்தான் தங்கையையும் பறித்தது என்பதை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது வடகிழக்கு முகாம் ஒன்றில் 31 சிறுவர்களிடம் செய்த ஆய்வில், 16 பேருக்கு இந்த முறையிலும் 15 பேருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொண்டும் ஆறு அமர்வுகள் நடந்தன. ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த இடைவெளியைப் பெரிதாகக் கொண்டாட முடியாது என்று எனக்குள் இருக்கும் கணித ஆசிரியன் அன்றே முணுமுணுத்தான்.

ஹூஸ்டன், உளவியலாளர் (சொந்த ஊர் மதுரை):

ஐயா, உங்கள் தண்ணீருக்கு எங்கள் ஊரில் மூச்சுப்பயிற்சி என்று பெயர்.

நான் கற்றது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சை. எட்டு முதல் பதினைந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போதே நடப்பதுபோல், ஒரே அமர்வில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். தவிர்த்துவந்த இடங்களுக்கும் படிப்படியாகப் போக வேண்டும். பதற்றத்துக்குப் பூச்சியம் முதல் நூறு வரை ஓர் எண் கொடுக்க வேண்டும். அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2007 முதல் நாடெங்கும் தன் சிகிச்சையாளர்களுக்கு இதைக் கற்பித்தது. நான்கு நாள் பயிற்சி வகுப்பு. பிறகு வாராவாரம் தொலைபேசியில் ஆலோசகர். அமர்வின் ஒலிப்பதிவு அவர் கைக்குப் போய்விடும். வகுப்பில் நடித்துக் காட்டுவதில் நான்தான் முதல் மாணவன். ஒலிப்பதிவில் முழுப் பெயில்.

என் முதல் நோயாளி ஈராக்கிலிருந்து திரும்பியவர். சாலையோரத்தில் குப்பைப் பை கிடந்தால் அவருடைய கார் அடுத்த தடத்துக்குப் போய்விடும். முதல் நாளே, "இதையெல்லாம் கேட்ட பிறகு இரவில் உங்களுக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்டார். வரும் என்று வீரமாகச் சொன்னேன். கதை தொடங்கி நான்கே நிமிடம், "மூச்சைக் கொஞ்சம் கவனியுங்கள்" என்று என் குரல் கேட்கிறது. கதையின் நடுவில் மூச்சுப்பயிற்சி கூடாது என்பது முதல் நாள் பாடம். பதற்ற எண்ணை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும். நான் பேருந்து நடத்துநர் போல நிமிடத்துக்கு நிமிடம் கேட்டிருக்கிறேன். ஆலோசகர் திட்டவில்லை. "உங்களுடைய எண் அப்போது எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். தொண்ணூறு என்றேன். நோயாளி சொல்லியிருந்தது அறுபத்தைந்து.

சூரிச், மொழிபெயர்ப்பாளர்:

நான் சிகிச்சையாளர் இல்லை. இங்குள்ள ஜெர்மன் மொழிச் சிகிச்சையாளர்களுக்கும் அகதிகளாக வந்த நம்மவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவள். எழுதலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன்.

வன்னியிலிருந்து வந்த ஒரு பெண். கயிற்றில் மூன்றாவது கல். அதுவரை "நாங்கள் போனோம், நாங்கள் நின்றோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, "என்னைக் கெடுத்துவிட்டார்கள்" என்றார். நான் ஜெர்மனில் சொன்னது: "என்னை மோசமாக நடத்தினார்கள்." சிகிச்சையாளர் தலையசைத்துக் குறித்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் நான் சொன்ன வாக்கியத்தின் நீளத்தையும் சிகிச்சையாளரின் முகம் மாறாததையும் பார்த்தார்.

வீட்டுக்குப் போகும் டிராமில்தான் எனக்கு உறைத்தது. அகராதி தெரியாமல் நடந்த பிழை அல்ல. "கெடுத்தல்" என்றால் என்னவென்று என் பாட்டிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சொல்லை என் வாயால் சொல்ல நான் விரும்பவில்லை. அடுத்த வாரம் அமர்வுக்கு முன்பே அந்தப் பெண்ணிடம் தமிழில், "அக்கா, போன முறை நான் சரியாகச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "தெரியும்" என்றார். மறுபடி அந்தக் கல்லுக்குப் போனோம். அவர் "நான்" என்று தொடங்கினார்.

அதன் பிறகு சிகிச்சையாளர்களின் பயிற்சி நாள்களில் மொழிபெயர்ப்பாளர்களையும் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

முல்லைத்தீவு, உளசமூகப் பணியாளர்:

எல்லாரும் விலகி ஓடியதைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் விடாமல் பிடித்துத் தவறு செய்தவள்.

பயிற்சி முடிந்த சூட்டில், தவிர்க்கவே விடக்கூடாது என்ற வேகத்தில் இருந்தேன். வந்தவர் ஒரு தாய். 2009 மே மாதம், போர் முடிந்தபோது, வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர். அதன் பிறகு தகவல் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய வீதியோரப் போராட்டத்திலும் போய் உட்கார்ந்தவர். கயிற்றில் அந்த நாள் வந்தது. கல்லைக் கையில் எடுத்தார், வைக்கவில்லை. நான் காத்திருந்தேன். கற்றுத் தந்ததுபோலவே, எழாமல், தண்ணீர் கொடுக்காமல் காத்திருந்தேன். கடைசியில் அவர்தான் கேட்டார்: "பிள்ளை, இது முடிந்துபோன கதைக்குத்தானே?"

நடந்து முடிந்த ஆபத்து இன்னும் நடப்பதாக உடம்பு நம்புவதைத்தான் இந்தச் சிகிச்சை சரிசெய்கிறது. அவருக்கு எது முடிந்தது? கல்லை வைத்தால் மகன் இறந்துவிட்டான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தைத் தவிர்ப்பு என்று குறிக்க எனக்கு என்ன உரிமை? ஷெல்லடியில் அகப்பட்ட நாளை வேறாக எடுத்துச் செய்தோம், அதில் கனவுகள் குறைந்தன. மகனின் கல்லை அவர் முந்தானையில் முடிந்து கொண்டுபோனார். இதற்குப் பயிற்சியில் அரை நாளாவது ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் மனக்குறை.

கோயம்புத்தூர், முதுநிலை மாணவி:

மூன்று நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஆனால் ஒலிப்பதிவைக் கேட்டுத் திருத்த எனக்கு யாரும் இல்லை. எங்கள் துறையில், "பட்டம் முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். ஒரு தீ விபத்தில் தப்பியவர் அடுத்த வாரம் வருகிறார். தொடங்கலாமா?

வவுனியா, ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்:

முல்லைத்தீவுத் தங்கைக்கு முதலில்: அந்தக் கல்லை அவரிடமே விட்டது சரி. நானாக இருந்தால் வைக்கச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கும்போது கூச்சமாக இருக்கிறது.

கோயம்புத்தூர் மகளுக்கு: பட்டம்தான் தடை என்று சொன்னால் நம்பாதீர்கள். உகாண்டாவின் நகிவாலே குடியேற்றத்தில் ருவாண்டா, சோமாலிய அகதிகளுக்கு இந்தக் கயிற்றுச் சிகிச்சையைச் செய்தவர்கள் அகதிகளிலிருந்தே தெரிந்தெடுத்து ஆறு வாரம் பயிற்றுவித்த சாதாரண ஆட்கள். 277 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. கதையை விவரித்தவர்களில் 70 சதவீதத்தினருக்குப் பிறகு மனவடு நோய் இருக்கவில்லை. வழக்கமான ஆலோசனை பெற்றவர்களிலும் 65 சதவீதம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றும் பெறாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 37. ஆனால் மேற்பார்வையாளர் இல்லாமல் தொடங்காதீர்கள். அடுத்த வாரம் அவர் வந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள், சிகிச்சை எப்படி நடக்கும் என்று விளக்குங்கள், கதைக்குள் இறங்காதீர்கள்.

பதிவு செய்யவும் வெளியாள் கேட்கவும் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க முடியுமென்றால், பெயர் வரும் இடங்களை வெட்டிவிட்டு எனக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்கு வேலை இல்லை, நானே கேட்டுத் திருத்துகிறேன். அதன் பிறகு கதையைத் தொடங்கலாம். முதல் இருபது நிமிடம் எனக்கு வேண்டாம், அது எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். அவர் குரல் மாறும் இடமும் அதன் பிறகு நீங்கள் பேசிய முதல் வாக்கியமும் எனக்கு வேண்டும்.