200 டாலர் பிஸ்டல் வாங்கலாமா? டெக்சாஸ் போயிருக்கும் புதுச்சேரி முத்தியால்பேட்டைத் தம்பிக்கு

தம்பி, ஹூஸ்டனில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அங்கே போய்ச் சேர்ந்த நம் பிள்ளைகள் பலர் இதைக் கேட்பார்கள். இங்கே துப்பாக்கி என்றால் வங்கிக் காவலாளியின் தோளில் பார்த்ததுதான். லைசென்ஸ் உள்ளவர்கள்கூடத் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கிற ஊர் நம்முடையது. அங்கே கடைக் கண்ணாடிக்குள் வரிசையாக இருப்பதைப் பார்த்ததும் மனசு சபலப்படும்.

விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் விசா என்ன? வேலை, படிப்பு, துணைவர் என்று தற்காலிகமாகத் தங்கத் தரும் ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 எதுவானாலும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, கையில் வைத்திருக்கவும் கூடாது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை, அதோடு நாடு கடத்தலும் வரலாம். மாநில வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்தில் குடியுரிமை, விசா விவரமெல்லாம் கேட்பார்கள். பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம். கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வைத்திருக்கும் நண்பர் 'என் பேரில் வாங்கித் தருகிறேன்' என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். அதில் அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள்.

(புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரான்சிலும் சொந்தம் இருக்கும். அங்கே கதையே வேறு: சுடும் கிளப்பில் சேர்ந்து, பயிற்சி பெற்று, ப்ரெஃபெக்சூர் என்ற அரசு அலுவலகத்தில் அனுமதி வாங்கினால்தான் பிஸ்டல்.)

சரி, கிரீன் கார்டு வந்து அந்தத் தடை நீங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 200 டாலர் அளவில் எல்லோரும் காட்டுவது ஹை-பாயின்ட் சி9 என்ற பிஸ்டல். ஓஹாயோவில் செய்கிறார்கள், 9 எம்.எம். தோட்டா போடுவது, மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) 8 தோட்டா. சுடும் நேரத்தில் பேரலை (தோட்டா வெளியேறும் குழலை) ஸ்லைடோடு, அதாவது மேலே பின்னால் நகரும் பாகத்தோடு, பூட்டிப் பிடிக்கும் அமைப்பு அதில் இல்லை. ஸ்லைடின் எடையே அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதால் துத்தநாகக் கலவையில் தடியாக வார்த்திருக்கிறார்கள். அதனால் மேல்பக்கம் கனம், இடுப்பில் வைத்து நடக்க உதவாது. ஆனால் மட்டமான சரக்கு என்று ஒதுக்க மாட்டேன். சுடும்; ஆயுள் வாரண்டி உண்டு, கைமாறி வந்திருந்தாலும் செல்லும். 1970, 80களில் தெற்கு கலிபோர்னியாவில் துத்தநாகத்தில் வார்த்து விற்ற சட்டைப்பை பிஸ்டல்கள் அடகுக் கடைகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம். தோட்டா ஏறிய நிலையில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடிய மாதிரிகள் அதில் உண்டு.

என்னைக் கேட்டால், போலீஸ் துறைகள் புதிதாக மாற்றும்போது கழித்துவிடும் பிஸ்டல்கள் 300, 350 டாலருக்கு வரும். வெளியே தேய்ந்திருக்கும், உள்ளே நன்றாக இருக்கும். புத்தம் புது மலிவுச் சரக்கைவிட அதுவே மேல். எதை வாங்கினாலும் பயிற்சி வகுப்பு, சட்டென்று திறக்கும் சின்ன பெட்டகம், சுட்டுப் பழக இருநூறு தோட்டாவாவது என்று கூட்டிப் பாருங்கள். 200 டாலர் என்று தொடங்கியது 500ஐத் தாண்டும். அந்தச் செலவுக்கு மனசு இல்லையென்றால் துப்பாக்கியே வேண்டாம்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். தனியாக, தூக்கமில்லாமல், ஊர் நினைப்பில் நொந்து கிடக்கும் முதல் வருடத்திலும் வேண்டாம். துப்பாக்கி உள்ள வீட்டில் தற்கொலை ஆபத்து கூடுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இருட்டுக்குப் பயமா? நல்ல கதவுப்பூட்டு, வாசல் கேமரா, பக்கத்து வீட்டுக்காரரோடு பழக்கம் இவற்றில் தொடங்குங்கள். அம்மா அப்பா விசிட்டர் விசாவில் வந்து தங்கும்போது பெட்டகச் சாவி அவர்கள் கையில் போகக் கூடாது. தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்ற தடை அவர்களுக்கும் பொருந்தும்.

ஒன்று மட்டும் மறக்கவே கூடாது. சுடப் பழகப் போன பையை ஊருக்கு எடுத்து வராதீர்கள். ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா சிக்கியிருந்தாலும் சென்னை விமானநிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுவார்கள். அதற்கென்று ஒரு பை தனியாக வாங்கி, அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.