எதிராளி சொல்வதை நீங்கள் சொல்லிக் காட்ட முடியுமா? படைப்பா பரிணாமமா என்று மோதிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

செந்தூல் டீச்சர்:
எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். அண்மையில் பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் என் தம்பிக்கும் பக்கத்து வீட்டு அங்கிளுக்கும் பரிணாமத்தில் முட்டிக்கொண்டது. அங்கிள் சர்ச்சில் சண்டே ஸ்கூல் நடத்துபவர். குரல் ஏறியதும் ஒரு நிபந்தனை போட்டேன். அவர் தரப்பை நீ சொல், உன் தரப்பை அவர் சொல்லட்டும். "ஆமா, இதான் நான் சொல்றது" என்று எதிராளி தலையாட்டினால்தான் மறுத்துப் பேசலாம்.

தம்பி எடுத்த எடுப்பில், "பூமி கி.மு. 4004ல உண்டாச்சு, அன்னையிலேருந்து எந்த உயிரும் மாறல. அதானே அங்கிள்?" என்றான். அங்கிள் தே தாரிக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். "அது 1650ல அஷர்னு ஒரு பேராயர் போட்ட கணக்குப்பா. நான் அந்தக் கட்சி இல்ல. பூமிக்கு 450 கோடி வயசுன்னா இருந்துட்டுப் போகட்டும். ஓநாயிலேருந்து நாய் வந்ததையும் ஒத்துக்கிறேன். பெரிய வகைங்க தனித்தனியா படைக்கப்பட்டதுன்றதுதான் என் பேச்சு." லெங்கோங்கில் கிடைத்த பேராக் மனிதனை, 10,000 ஆண்டுக்கு மேல் பழைய எலும்புக்கூட்டை, தம்பி துருப்புச்சீட்டாக வைத்திருந்தான். போடவே வழியில்லாமல் போனது.

அங்கிள் முறை. "குரங்கு மனுஷனாச்சு, எல்லாம் தற்செயல்" என்றார். இரண்டுமே பிசகு. மனிதனும் சிம்பன்சியும் ஏறக்குறைய 60-70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த கிளைகள். மரபணுவில் மாற்றம் வருவது தற்செயல்தான். ஆனால் எது தங்கும், எது போகும் என்று இயற்கைத் தேர்வு சலிப்பது தற்செயல் இல்லை. "அப்ப குரங்கு ஏன் இன்னும் இருக்கு?" என்று ஆரம்பித்தார். பூமிக்கு ஆறாயிரம் வயது என்று அடித்துப் பேசும் 'ஆன்சர்ஸ் இன் ஜெனசிஸ்' அமைப்பே அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்று தன் ஆட்களுக்குச் சொல்லியிருப்பதைப் போனில் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

என்னைக் கேட்டால் தம்பிதான் மோசம். அங்கிளுக்குத் தெரியாதது அறிவியல். இவனுக்குத் தினமும் பார்க்கிற மனிதர் எதை நம்புகிறார் என்றே தெரியவில்லை.

பாயான் லெப்பாஸ் ஷிஃப்ட்காரி:
நான் கத்தோலிக்கப் பெண். கழுத்தில் சிலுவையைப் பார்த்ததும் முடிவுகட்டிவிடுகிறார்கள். எங்கள் சூப்பர்வைசர் ஒருவர் டைனோசர் எலும்புப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுக்குப் பதில் சொல்லு" என்கிறார். நான் ஏன் சொல்லணும்? போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் 1950லேயே இந்த ஆராய்ச்சிக்குத் தடையில்லை என்றார். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று இரண்டாம் ஜான் பால் 1996இல் சொன்னார். ஆன்மாவைக் கடவுள்தான் நேரடியாகப் படைக்கிறார் என்பதைத் திருச்சபை விடவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னால், "அப்ப நீ உண்மையான கிறிஸ்டியன் இல்ல" என்கிறார். சாமியே கும்பிடாத ஆள் அவர்!

தண்ணீர்மலை வாசி:
எங்கள் வீட்டில் மூன்றாவது கட்சி. "மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம்... டார்வின் 1859ல சொன்னத நம்ம ஆளுங்க அப்பவே சொல்லிட்டாங்க" என்பார் பெரியப்பா. அவதாரத்தில் ஒரே பெருமாள்தான் பல வடிவில் வருகிறார். பரிணாமத்தில் தனி உயிர் எதுவும் உருமாறுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூட்டம்தான் மாறுகிறது பெரியப்பா என்று சொல்லிப் பார்த்தேன். "அதத்தான்டா நானும் சொல்றேன்" என்கிறார். டீச்சர், உங்கள் நிபந்தனை இவரிடம் செல்லாது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்.