சனிக்கிழமைக்குள்ள கதிருக்குப் பதில் சொல்லணும்

லதா: கதிருக்கு ஒரு பெரிய சைக்கிள் ரேஸ் டீம்ல இருந்து ஒப்பந்தம் வந்திருக்கு. ரெண்டு வருஷம். சனிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். இல்லேன்னா இப்ப இருக்கிற அண்டர் 23 டீம்லயே இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லுங்க. பாட்டி வேண்டாம்னு அழுதுட்டு இருக்காங்க

தீபா: செமடா கதிர்!! 🎉🎉

மீனா அத்தை: அம்மா ஏன் அழறாங்க

லதா: சைக்கிள் ரேஸ்ல ஒருத்தர் விழற வீடியோவ யாரோ காட்டியிருக்காங்க

ரவி பெரியப்பா: நான்தான் அனுப்பினேன். தெரிஞ்சுக்கட்டும்.

தீபா: அது கதிர் இல்ல பெரியப்பா. பழைய வீடியோ

மீனா அத்தை: நானும் கதிர்னுதான் நெனச்சேன். உசுரே போயிடுச்சு

பாபு மாமா: அத முழுசா சொல்லிடறேன். 2020 ஆகஸ்ட், போலந்து சுற்று ரேஸ், முதல் நாள், கட்டோவிட்ஸே நகரம். ஃபினிஷ இறக்கத்துல வெச்சிருந்தாங்க, அதான் அந்த வேகம். பக்கத்துல வந்தவர் தன் பாதைய விட்டு விலகி நெருக்கினார், ஃபாபியோ யாகோப்சன் தடுப்புல மோதி விழுந்துட்டார். கோமாவுல வெச்சுதான் வைத்தியம் பாத்தாங்க. நெருக்கினவருக்கு ஒன்பது மாசம் தடை. வீடியோ அதோட முடிஞ்சிடுது, ஆனா யாகோப்சன் அடுத்த வருஷமே ஸ்பெயின் சுற்றுல மூணு ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம்தான் ஒரு ஸ்டேஜ்) ஜெயிச்சார். 2022ல டூர் டி பிரான்ஸ்லயும் ஒண்ணு. பாட்டிக்கு அவர் ஜெயிச்ச வீடியோவையும் காட்டுங்க.

ரவி பெரியப்பா: விழற எல்லாரும் அப்படி எழுந்து வந்துடறாங்களா பாபு?

பாபு மாமா: இல்லைங்க. அத நான் மறைக்கல. இப்ப தடுப்பு வேலிக்கெல்லாம் விதி கடுமையாயிருக்கு, 2025ல இருந்து ஆபத்தா ஓட்டினா மஞ்சள் அட்டையும் குடுக்கறாங்க. ஆனாலும் விழுவாங்க.

லதா: அண்ணா, பாட்டி பக்கத்துல உக்காந்து படிக்கச் சொல்லிக் கேக்கறாங்க. கொஞ்சம் பாத்து எழுதுங்க

ரவி பெரியப்பா: 19 வயசு. மொதல்ல படிப்ப முடிக்கட்டும்.

மீனா அத்தை: சரவணன் ஓட்டப்பந்தயத்துக்குப் போறேன்னப்ப அப்பாவும் இதேதான் சொன்னாரு. நீ பக்கத்துல நின்னு தலையாட்டின

ரவி பெரியப்பா: அது வேற

மீனா அத்தை: என்ன வேற?

ரவி பெரியப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தீபா: பாட்டி ரூம் சார்ஜர யார் எடுத்தது

லதா: டிவிக்குப் பின்னாடி பாரு

சரவணன்: பழைய கதைய விடுங்க. கதிர் விஷயத்துக்கு வாங்க.

பாபு மாமா: வர்றேன் மாப்ள. புதுசா வர்ற ஸ்பிரின்டரை, அதான் கடைசி நேரத்துல வேகமா அடிச்சு ஜெயிக்கறவன, உடனே ஜெயிச்சுக் காட்டுன்னு எவனும் கேக்க மாட்டான். பெரிய ரேஸ்ல டீமோட சீனியர் ஸ்பிரின்டருக்கு முன்னாடி போய் எதிர்க்காத்த தாங்கிக்கணும், தண்ணி பாட்டில் கொண்டு குடுக்கணும். சின்ன ரேஸ்லதான் இவனுக்கு வாய்ப்பு. மலை வந்தா இன்னும் கஷ்டம். ஸ்பிரின்டர் உடம்பு கனம், கடைசியா ஒரு கூட்டமா சேந்து ஏறுவாங்க. நேர வரம்ப தாண்டிட்டா மறுநாள் ரேஸ்ல இல்ல. இதெல்லாம் தெரிஞ்சுதான் கையெழுத்து போடணும்.

தீபா: அப்ப அந்தப் பிரிட்டன் ஸ்பிரின்டர் கேவன்டிஷ்?

பாபு மாமா: அவரும் உடனே வந்துடல. கொஞ்ச நாள் பேங்க்ல வேலை பாத்தவரு.

ரவி பெரியப்பா: பாத்தீங்களா! பேங்க்!

பாபு மாமா: அந்த வேலைய விட்டுட்டுதாங்க ரேஸுக்கு வந்தாரு. 2007ல பெரிய டீம். அடுத்த வருஷமே டூர்ல நாலு ஸ்டேஜ். 2024ல டூர்ல 35வது ஸ்டேஜ் ஜெயிச்சு, பழைய சாம்பியன் எடி மெர்க்ஸோட 34 சாதனைய தாண்டினாரு.

ரவி பெரியப்பா: 👍

மீனா அத்தை: அந்த எரித்திரியா பையன் பேரு என்ன? கண்ணுல கார்க் பட்டுச்சே

பாபு மாமா: பினியாம் கிர்மாய். கதிர் அவரதான் பாக்கணும். அஸ்மாராவுல பொறந்து, சுவிட்சர்லாந்துல ஏக்ள்ங்கற ஊர் பயிற்சி மையத்துல கத்துக்கிட்டாரு. 2020ல முதல் டீம், டெல்கோ. அந்த டீமையே 2021ல மூடிட்டாங்க. நல்ல வேளை, அதுக்கு முன்னாடியே இவர் வேற டீமுக்கு மாறிட்டாரு. 2022 மார்ச்ல பெல்ஜியத்துல கென்ட் வெவெல்கெம் ரேஸ ஜெயிச்ச முதல் ஆப்பிரிக்கர். மே மாசம் இத்தாலி சுற்றுல ஒரு ஸ்டேஜ் ஜெயிச்சு மேடை ஏறி ஒயின் பாட்டில திறந்தாரு, கார்க் கண்ணுல அடிச்சு மறுநாளே ரேஸ விட்டு வெளிய. 2024 டூர்ல மூணு ஸ்டேஜ், புள்ளில முதலிடத்துக்கான பச்சை ஜெர்சி.

மீனா அத்தை: ஆமா ஆமா அந்தப் பையன்தான். நல்ல சிரிப்பு

சரவணன்: டீம் மூடினா ஒப்பந்தம்?

பாபு மாமா: அததான் கேக்கணும் மாப்ள!! மேல்மட்ட டீம் புதுசா எடுக்கற பையனுக்கு ரெண்டு வருஷமாவது குடுத்தே ஆகணும்ங்கறது விதி. ஸ்பான்சர் அந்த ரெண்டாவது வருஷமும் இருக்கானா? லீட் அவுட்ல, அதான் கடைசில ஸ்பிரின்டர இழுத்துட்டுப் போற வரிசைல, கதிர் எத்தனையாவது ஆளு? இது ரெண்டுக்கும் பதில் வராம பேனாவ எடுக்கக் கூடாது.

கதிர்: இப்பதான் ட்ரெயினிங் முடிச்சிட்டு வந்தேன். பாட்டி அழாதீங்க 🙏

கதிர்: மாமா, கேட்டுட்டேன். கடைசிக்கு முந்தின ஆள் நான். ஃபினிஷுக்கு 200 மீட்டர் போர்டு வரைக்கும் சீனியர இழுத்துட்டுப் போய் ஒதுங்கணும். ஸ்பான்சர் பத்தி மேனேஜர் இன்னும் வாயத் திறக்கல

தீபா: பயமா இல்லையாடா

கதிர்: முன்னாடி போறவன் பின் டயருக்கும் என் முன் டயருக்கும் நடுவுல ஒரு கை அகலம்தான் இருக்கும். அவன் முட்டி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பயப்பட நேரம் இருக்காது. ரேஸுக்கு முந்தின ராத்திரி இருக்கும்

லதா: 😔

சரவணன்: உனக்கு என்ன தோணுது

கதிர்: போகணும்ப்பா. ஆனா நீங்க சொல்லுங்க

பாபு மாமா: அவசரம் வேண்டாம்டா. அண்டர் 23ல இன்னொரு வருஷம் நீயே ஸ்பிரின்ட் அடிச்சு ஜெயிக்கறதும் நஷ்டம் இல்ல.

மீனா அத்தை: பாபு நீங்களே இப்படி சொன்னா எப்படி

சரவணன்: ராத்திரி கூப்பிடறேன் கதிர். எனக்குக் கிடைக்காததுக்காக நீ போகவும் வேண்டாம், நிக்கவும் வேண்டாம்.

மீனா அத்தை: ❤️

ரவி பெரியப்பா: ஒப்பந்தத்த எனக்கு அனுப்பச் சொல்லு. ஒரு வரி விடாம படிச்சிட்டுதான் பேசுவேன்.

லதா: மொத்தம் 22 பக்கம் பெரியத்தான்

ரவி பெரியப்பா: இருக்கட்டும். காலைல அனுப்பு, கண்ணாடி மீனா வீட்ல விட்டுட்டேன்

மீனா அத்தை: இங்க இல்லையே