லேகிதிமுஸ்: 'சட்டபூர்வமான'னு எழுதுனா தப்பா?

கத்துக்குட்டி: 'தூதொர் லேகிதிமுஸ்'ங்கறத (நம்ம தூதர் இல்லங்க, லத்தீன்ல கார்டியன்) 'சட்டபூர்வமான கார்டியன்'னு எழுதுனேன், சார் சிவப்புல சுழிச்சுட்டாரு. லேக்ஸ்னா சட்டம், அதுலருந்து வந்த பெயரடைதானே, என்ன தப்பு?

வெட்டிப்பேச்சு: 'திமுஸ்'ஸ விட்டுட்டீங்க. ஒப்திமுஸ்னா ரொம்ப நல்ல, உல்திமுஸ்னா கடைசியிலும் கடைசி. அதே கணக்குல இது 'மிக மிக சட்டப்படியான'.

ரோமன்_லா: ஐயோ சாமி, வால பாத்து மாட்ட எடை போடாதீங்க. மரேன்னா கடல், மரிதிமுஸ்னா கடல் சார்ந்த, 'மிக மிகக் கடலான'னா சொல்லுவீங்க? ஃபீனிஸ் எல்லை, ஃபீனிதிமுஸ் எல்லைய ஒட்டின. அந்த கும்பல்தான் இதுவும்.

சார் சுழிச்சது வேற விஷயத்துக்கு. அப்பன் பிள்ளைக்கு கார்டியனா உயில்ல யார் பேரையும் எழுதாம செத்துட்டா, கிமு 450 வாக்குல ரோம்ல வந்த பன்னிரண்டு பலகைச் சட்டப்படி நெருங்கின பங்காளி தானாவே கார்டியன் ஆயிடுவான், அவனத்தான் லேகிதிமுஸ்னு கிபி 2ஆம் நூற்றாண்டு சட்ட அறிஞர் காயுஸ் சொல்றாரு. உயில்ல பேர் இருக்கறவனும் சட்டபூர்வமான ஆள்தான், ஆனா அவன இப்படி கூப்பிட மாட்டாங்க. அதனால 'சட்டமே வச்ச' கார்டியன்னு எழுதணும்.

வெட்டிப்பேச்சு: அப்ப அதிலியா சட்டப்படி (வேற கார்டியனே இல்லாதப்ப ஆள் போடற ரோமச் சட்டம்) வர்ற கார்டியன் மட்டும் ஏன் 'அதிலியானுஸ்'? அதே காயுஸ்தானே சொல்றாரு, அதுவும் சட்டம்தானே பாஸ்?

ரோமன்_லா: நல்ல கேள்வி. அங்க ஆள போடறது பிரைத்தோரும் (நீதி பாக்கற ரோம அதிகாரி) ட்ரிப்யூன்கள்ல (சாமானிய மக்களோட பிரதிநிதிகள்) பெரும்பான்மையும், சட்டம் அவங்களுக்கு பவர் மட்டும் குடுக்குது. லேகிதிமுஸ்ல நடுவுல யாருமே கிடையாது.

வெட்டிப்பேச்சு: சரி, திமுஸ் வாபஸ். ஆனா உங்க கோர்ட் அர்த்தத்த எல்லா எடத்துலயும் திணிக்காதீங்க. ரோமக் கவிஞர் ஹொரேஸ் 'லேகிதிமும் போயேமா'ங்கறாரு (போயேமானா கவிதை), கவிதைக்கு எந்த செனட்ல சட்டம் போட்டாங்க? விதி தவறாத, உருப்படியான கவிதைனுதான் அங்க அர்த்தம்.

ரோமன்_லா: அத யாரு இல்லேன்னா? இங்க பேச்சு கார்டியன பத்தி.

கத்துக்குட்டி: ஒரு நிமிஷம், போயேமா 'ஆ'ல முடியுதே, லேகிதிமானு வர வேணாமா? 'தூதேலா லேகிதிமா'னு (தூதேலானா கார்டியன் பொறுப்பு) படிச்சோமே.

வெட்டிப்பேச்சு: வால பாக்காதீங்கன்னு இப்பதான் எனக்கு திட்டு விழுந்துச்சு 😄 தூதேலா பெண்பால், போயேமா கிரேக்கத்துலருந்து வந்த நியூட்டர் (ஆண்பாலும் இல்ல, பெண்பாலும் இல்ல) சொல், அதான் 'உம்'. நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல வீடுனு ஒரே 'நல்ல'வ வச்சு ஓட்டற சொகுசெல்லாம் லத்தீன்ல கிடையாது.

கத்துக்குட்டி: 'சட்டமே வச்ச கார்டியன்'னு மாத்தி நாளைக்கு காட்றேன், மறுபடி சுழிச்சாருன்னா இங்கயே வரேன்.