ஹெசரகட்டாவில் பார்த்தது எந்தப் பூனைப் பருந்து?

வணக்கம். ஞாயிறு காலை பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள ஹெசரகட்டா புல்வெளியில் ஒரு பெண் பூனைப் பருந்து தாழப் பறந்து இரை தேடிக்கொண்டிருந்தது. வாலடியில் அகலமான வெள்ளைப் பட்டை. குளிர்காலத்தில் அங்கே மாண்டேகு பூனைப் பருந்தும் வெளிர் பூனைப் பருந்தும் வருவது வழக்கம்தான். ஆனால் இது உடல் கனத்து, இறக்கை அகன்று தெரிந்தது. ஹென் ஹாரியர் என்ற இன்னொரு வகைப் பூனைப் பருந்தோ என்று சந்தேகம். தென்னிந்தியாவில் அது அபூர்வம். ஆதாரம் இல்லாமல் இபேர்டில் (பறவைப் பதிவுகளுக்கான இணையதளம்) ஏற்றினால் கேள்வி வரும், வரவும் வேண்டும்.

இறக்கை நுனியில் விரல் போலப் பிரியும் இறகுகளை எண்ணினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹென் ஹாரியருக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் நான்கு. என் படம் ஒன்றில் ஐந்து மாதிரி தெரிகிறது, ஆனால் எதிர்வெயிலில் நுனி கலங்கியிருக்கிறது. கழுத்தைச் சுற்றி வெளிர் வளையம் இருந்ததா என்பதும் நிழலில் போய்விட்டது.

அன்று இரண்டு மூன்று பேர் கேமராவோடு நின்றிருந்தார்கள். அவர்களில் யாராவது இங்கே இருந்தால், திருத்தாத படங்களை எடுத்த நேரத்தோடு அனுப்ப முடியுமா? மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, இறக்கை விரிந்திருந்தால் போதும்.

அப்புறம், தேடிப் போகிறவர்கள் தயவுசெய்து பைக்கைப் புல்லுக்குள் விடாதீர்கள். இந்தப் பருந்துகள் இரவில் தரையில்தான் தங்கும்.