புதுப்பிப்பு: குருசேடர் கிங்ஸ் 2 கம்ப்யூட்டர் கேம்ல, டியூக் (நாம ஆடுற பிரபு) செத்தா நாடு துண்டாகுற பிரச்சனை தீந்துச்சு

உதவுன எல்லாருக்கும் நன்றிங்க. 2019-லருந்து ஓசில கிடைக்குற அடிப்படை கேம்ல, 1066-ம் வருஷத்து அயர்லாந்துல ஆரம்பிச்சா டியூக் செத்ததும் கேவல்கைண்ட்ங்குற வாரிசு சட்டப்படி நிலமெல்லாம் பசங்களுக்குள்ள பிரிஞ்சு போகுதுன்னு கேட்டிருந்தேன்ல, அதுக்கு நம்ம தருமபுரி மாந்தோப்பு பாகப்பிரிவினையே தேவலாம். எலெக்டிவ்வுக்கு, அதாவது ஓட்டு போட்டு வாரிச தேர்ந்தெடுக்குற சட்டத்துக்கு மாத்துன்னு பாலக்கோட்டு அண்ணன் சொன்னதுதான் வேலை செஞ்சுச்சு, டச்சிக்குள்ள (டியூக்கோட பகுதி) இருக்குற கவுண்டி (அதுக்குள்ள வர்ற சின்ன பிரிவு) எல்லாம் நம்ம கையிலயே இருந்தா ஓட்டு போட வேற ஆளே இல்ல, நாம கைகாட்டுற பையனுக்கே மொத்தமும் போயிடுது. எதிர்பாக்காதது என்னன்னா, கேவல்கைண்ட் போனதும் நேரடியா வெச்சுக்கற நிலத்தோட லிமிட் குறைஞ்சிருச்சு. லிமிட்டுக்கு மேல மிச்சமாகுற கவுண்டிய வேற யாருக்காவது குடுத்தா அவனும் ஓட்டு போட வந்துருவான், அதனால வேற டச்சில இருக்குறதா பாத்து குடுங்க. அடிக்கடி கரண்ட் போற ஊர்க்காரங்க ஆட்டோசேவ கொஞ்சம் பாத்து வெச்சுக்கங்க.